மாலை மாமாவின் படம்

"நீயா நர்ஸு? பல்லி விழுந்தா பக்கத்து எஸ்டேட் வரைக்கும் கத்துற புள்ளலா நீ!"

கேட்டவர் மாலை மாமா. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக, பள்ளி இறுதியான ஐந்தாம் படிவம் தாண்டியவள் நான். தாதியர் கல்லூரியில் இடம் கிடைத்ததை வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கெடா மாநிலத்திலேயே சாவுக்கு அதிகம் பயந்த மனிதர் என் தைரியத்தைச் சந்தேகப்பட்டார்!

புக்கிட் செலம்பாவில் எங்களுக்கு அடுத்த வீடு. எஸ்டேட் லாரி ஓட்டியவர். நிஜப் பெயர் அடையாள அட்டைக்கும் அத்தைக்கும் மட்டுமே தெரியும். முன்னறையில் தன் படத்தையே பெரிதாக மாட்டி, சந்தன மாலை போட்டு, கீழே சிவப்பு பல்பும் எரிய விட்டிருந்தார். ஏன் என்று கேட்டால் குரலைத் தாழ்த்துவார்.

"எமன் வருவான். மாலையப் பாப்பான். அட, இந்த வீட்டு வேல முடிஞ்சிருச்சுன்னு திரும்பிடுவான். அவனுக்கும் ஆயிரம் வேல இருக்கும்லா."

மீட்டர் பார்க்க வந்த மலாய்க்காரத் தம்பி, இறந்தது யார் என்று மரியாதையாக விசாரித்தான். "சாயா" என்றார் மாமா மலாயில். அதாவது, 'நான்தான்'! தம்பி மீட்டரைப் பார்க்காமலே மோட்டார் சைக்கிளில் பறந்தான்.

அத்தை பாடுதான் திண்டாட்டம். சிடாம் கிரியிலிருந்து வந்த கல்யாணத் தரகர் படத்தைப் பார்த்து உருகினார்.

"ஏம்மா, சின்ன வயசு. இன்னொரு வாழ்க்க பாத்துக்கலாமே?"

"யாருக்குய்யா இன்னொரு வாழ்க்க?" என்று சமையலறையிலிருந்து மாமா கரண்டியோடு வர, தரகர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

பிறகு மாமாவின் பித்தப்பையில் கல் வந்தது. உடனே அறுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றார் டாக்டர். நான் அப்போது அதே வார்டில் பயிற்சித் தாதி. மாமா வலியில் சுருண்டு கிடந்தும் சம்மதிக்கவில்லை.

"படம் வீட்டுல இருக்கு. இங்க எமன் ரவுண்ட்ஸ் வருவான். கட்டில்ல ஆளப் பாத்தா அள்ளிக்கிட்டுப் போயிடுவான்."

அத்தை அழுதார். நான் வீட்டுக்கு ஓடி, படத்தை மாலையோடு மோட்டாரின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தேன். வழியில் கார்கள் பயபக்தியோடு ஒதுங்கி நின்றன. கட்டிலின் தலைமாட்டில் படத்தைச் சாய்த்ததும், பக்கத்துக் கட்டில் சீனப் பெரியவர் தன்னை வேறு வார்டுக்கு மாற்றச் சொல்லிக் கத்தினார். மாமா கையெழுத்துப் போட்டார்.

அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது கையைப் பிடித்தார்.

"எமன் வந்தா என்ன சொல்லுவ?"

"இங்க ஆள் முடிஞ்சாச்சு, பக்கத்து வீட்டுக்குப் போன்னு சொல்லுவேன் மாமா."

"அடியே! பக்கத்து வீடு உங்க வீடுலா!"

அந்தப் பதற்றத்திலேயே கதவு மூடிக்கொண்டது. மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்டார்: "உங்க வீட்டுல எல்லாரும் நல்லாருக்காங்களாடி?"

அதற்குப் பிறகும் பல வருடம் இருந்தார். இந்த வருடம் ஒரு மத்தியானம், நாற்காலியில் தூங்கியபடியே போய்விட்டார். படமும் மாலையும் தயாராக இருந்தன. யாருக்கும் ஒரு வேலையும் வைக்கவில்லை.

போன வாரம் அத்தையைப் பார்க்கப் போனவள், மாலையைக் கழற்றினேன். படத்துக்குப் பின்னாலிருந்து பல்லி ஒன்று கையில் விழுந்தது. கத்தவில்லை.

"எதுக்குடி கழட்டுற?"

"தூசியா இருக்கு அத்த. தொடச்சி மாட்டுறேன்."

மாலை என் அலமாரியில் இருக்கிறது. பல்பையும் அணைத்துவிட்டு வந்தேன். மாமா இப்போது சும்மா சிரித்துக்கொண்டிருக்கிறார், உயிரோடு இருப்பவர்கள் படத்தில் சிரிப்பதுபோல.