எல்லாம் அழுக்கு செய்யும் வேலை

அழுக்கைத் துடைப்பவர்கள் உண்டு, அழுக்கில் புரள்பவர்கள் உண்டு. எந்தத் தப்புக்கும் அழுக்கையே கைகாட்டுகிற மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு, தெரியுமா உங்களுக்கு? ஆய்வுக்கூடங்களில் இது செழிப்பாக வளர்கிறது.

நம் பேராசிரியரையே எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய உலோகப் படலத்தைக் கடுங்குளிரில் வைத்து, அதற்குள் இருக்கும் அழுக்கும் கோணல்மாணலும் மின்னோட்டத்தை என்ன பாடுபடுத்துகின்றன என்று பார்ப்பதுதான் அவர் தொழில். ஆனால் அழுக்கு என்றால் அவருக்கு ஆகாது! கையுறைக்கு மேல் கையுறை மாட்டச் சொல்வார், யாராவது தும்மினால் ஓடிவந்து படலத்தை மறைத்து நிற்பார். இத்தனைக்கும் பிறகு அளவு காட்டும் திரையில் கோடு அவர் நினைத்தபடி போகவில்லை என்றால், மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "சாம்பிள்ல அழுக்கும்மா" என்பார். தீர்ந்தது கதை. வீட்டில் டீ ஆறிப்போனால்கூடக் கப்பைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"பேப்பரைக் கீழ வைக்காம உக்காந்திருந்தா ஆறாம என்ன செய்யும்?" என்பார் மனைவி.

இவரிடம் வருஷக்கணக்காக மாட்டிக்கொண்டிருந்தாள் ஓர் ஆய்வு மாணவி. இவர் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்குப் பட்டம்; பட்டம் வந்தால்தான் கிடைத்த வேலை நிலைக்கும். குளிரக் குளிர மின்தடை இறங்க வேண்டும் என்பது இவர் கட்சி. அவள் படலத்திலோ ஒரு கட்டத்துக்கு மேல் அது ஏறியது.

"சார், அழுக்குல மோதி மோதி எலெக்ட்ரான் கிளம்பின இடத்துக்கே திரும்புது போல. நாம தேடுறதே இதைத்தானே?"

"சுத்தமா ஒண்ணு பண்ணிட்டு வாம்மா."

செய்தாள், பாவம். கோடு சாதுவாக இறங்கியது. பேராசிரியருக்குப் பெருமை பிடிபடவில்லை. அதில் சொல்ல ஒரு சேதியும் இல்லை என்பது மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

அடுத்த மாதமே வேறொரு கூடத்துக்காரர்கள் அந்த ஏறும் கோட்டை அச்சில் ஏற்றிவிட்டார்கள். மாணவி பத்திரிகையை அவர் மேஜையில் விரித்துவிட்டுக் கண்கலங்கி நின்றாள். அவர் அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். 'தப்பு என்னுதும்மா' என்ற சொல் தொண்டைவரை வந்தது; எதிலோ மோதி, வந்த வழியே திரும்பிவிட்டது.

"இவங்க சாம்பிள்ல அழுக்கும்மா."

"அதைத்தான் சார் அவங்களும் எழுதியிருக்காங்க."

மேஜையில் காத்துக் கிடந்த அவள் ஆய்வேட்டை அவர் இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பேனா முதலில் எழுதவில்லை. "நிப்புல அழுக்கு" என்றார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இதில் உங்கள் சாயல் தெரிந்து, 'எழுதினவன் கண்ணாடியிலதான் ஏதோ அழுக்கு' என்று தோன்றினால், அவர் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. போய் உட்காரலாம். உட்காருவதற்கு முன் அதைத் துடைக்கத் தோன்றுமே உங்களுக்கு!