கெச்சப் புட்டி ஓடுமா?

ஒருநாளும் மைதானத்தில் இறங்காமல், ஒருநாளும் தோற்காமல், ஆயுள் முழுக்கப் பயிற்சியாளராகவே வாழ்ந்துவிட்டுப் போகும் ஓர் இனம் உண்டு. காபி மேசைப் பயிற்சியாளர் என்று அதற்குப் பெயர் வைக்கலாம். பந்தைக் கையால் எறிந்தும் தூக்கிக்கொண்டு ஓடியும் ஆடுகிற அமெரிக்கக் கால்பந்துக்குக் குழு வைத்திருக்கும் கல்லூரி ஊர்களில், காலை நேரத்தில், முட்டை பொரியும் வாசனையைப் பிடித்துக்கொண்டு போனால் அகப்படும். தனியாக அகப்படாது. கேட்க நாலு பேர் இல்லாவிட்டால் அது பேசாது. பேசாவிட்டால் அது அந்த இனமே அல்ல.

நெப்ராஸ்காவின் சோளக்காட்டுக்கு நடுவே இருக்கிற எங்கள் டன்லோவில், இந்த இனத்துக்கு உதாரணம் கேட்டால் ஆர்வில் ஹாஷைத்தான் காட்டுவோம். டிராக்டர் டயர் விற்று ஓய்வுபெற்றவர். பள்ளி நாட்களில் ஒரு முழுப் பருவம் மாற்று ஆட்டக்காரராகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. டொரீன் நடத்தும் சாப்பாட்டுக் கடையில், ஜன்னலோர மேசையின் தலைப்பக்கத்து நாற்காலி அவருடையது. மேசைமேல் இருக்கும் சாமான்களை நகர்த்தும் உரிமை அந்த நாற்காலிக்கு மட்டுமே உண்டு. காபிக்குக் கொடுக்கும் குட்டிப் பால் டப்பாக்களை வரிசையாக நிறுத்தினால் அது முன்வரிசைத் தடுப்பு. உப்பும் மிளகும் பந்தைப் பிடிக்க ஓடுகிறவர்கள். எல்லாருக்கும் பின்னால் நிமிர்ந்து நிற்கும் கெச்சப் புட்டி குவார்ட்டர்பேக். பந்து முதலில் அவன் கைக்கு வரும். எறிவதா, பக்கத்தில் இருப்பவனிடம் கொடுப்பதா, தானே தூக்கிக்கொண்டு ஓடுவதா என்று கண்சிமிட்டும் நேரத்தில் முடிவெடுப்பவன் அவன்தான். பிள்ளைக்கு அவ்வளவு சிரமம். ஆர்விலுக்கோ யோசிக்க வாரம் முழுவதும் இருக்கிறது. அப்படியிருக்க யார் புத்திசாலி?

எதைச் சொல்வதற்கு முன்பும், "எழுதி வெச்சுக்கோங்க" என்பார். இதுவரை யாரும் எழுதிவைத்ததில்லை. அவருடைய புகழ் முழுவதும் அதன்மேல்தான் நின்றது.

எங்கள் கல்லூரிக் குழுவின் குவார்ட்டர்பேக்காக நான்கு வருடம் கம்பம்போல நின்று எறிந்த ட்ரெவர் நோல் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட, அந்த இடத்துக்கு ஜமார் பிக்கெட் என்ற புதிய பையன் வந்தான். உயரம் கொஞ்சம் குறைவு; கால் தரையில் பாவாது. ஏப்ரலில், வழக்கம்போல, எங்கள் குழு இரண்டாகப் பிரிந்து தனக்குள்ளேயே ஆடிக் காட்டியது. அந்த ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்குக்கு மட்டும் தனிநிறச் சட்டை; அவனை யாரும் தள்ளிவிடக்கூடாது. விரல் பட்டாலே விசில், ஆட்டம் நின்றுவிடும். பருவம் தொடங்குமுன் பிள்ளை எலும்பை முறித்துக்கொள்ளக்கூடாது அல்லவா? ஜமார் கிளம்புவான், ஒரு விரல் படும், விசில் ஊதும், நிற்பான். ஆர்வில் கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் பார்த்தார். மறுநாள் காலை தீர்ப்பு வந்தது. இவன் ஓடமாட்டான், ட்ரெவர் மாதிரி நின்று எறிவான், நம் ஆட்டத்தில் ஒரு மாற்றமும் வரப்போவதில்லை. கெச்சப் புட்டி நின்ற இடத்தில் நின்றது.

மேசையில் இதை ஒப்புக்கொள்ளாதவர் ஒருவர்தான். ஆர்விலின் மனைவியின் தம்பி, பல் டாக்டர் வெண்டல்.

"விசில் அடிச்சாங்க மாமா, அதான் நின்னான்."

"விசிலுக்கே நின்னுட்டானே மாப்ள, ஆளுங்க மேல வந்து விழுந்தா என்ன பண்ணுவான்?"

இந்தத் தர்க்கத்தை எந்தப் பக்கத்திலிருந்து உடைப்பது என்று வெண்டலுக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா? அவர் வேறு வழியில் வந்தார். மேசை ஓரத்தில் கிடந்த சின்ன மிளகாய்ச் சாறு புட்டியைச் சுட்டிக்காட்டினார். தொடவில்லை, தொட உரிமை இல்லை. "இவன் கெச்சப் இல்ல, இவன் அது. ஓடறவன்னு தெரிஞ்சாலே எதிராளிங்க ரெண்டு பேர் இவனையே பாத்துட்டு நிப்பானுங்க. எறியறதுக்கு எடம் தானா கெடைக்கும். ஆட்டமே மாறிடும்."

ஆர்வில் சிரித்தார். கோடை முழுவதும் சிரித்தார். வெண்டல் ஒருவருடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போதுகூட, வாசலில் தலையை நீட்டி, "மிளகாய்ச் சாறு எப்படி இருக்கு மாப்ள?" என்று கேட்டுவிட்டுப் போனதாகச் சொல்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் வெண்டலுக்குப் பொறுமை போய்விட்டது. முதல் ஆட்டத்தில் ஜமார் பந்தோடு தானே ஓடி எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆர்வில் நாற்காலியைக் காலிசெய்ய வேண்டும் என்றார். டொரீனைச் சாட்சியாக வைத்துக்கொண்டு இருவரும் கைகுலுக்கினார்கள்.

"எழுதி வெச்சுக்கவா அண்ணே?" என்று டொரீன் கேட்டாள். ஆர்விலுக்கு முதல் தடவையாக அந்த வார்த்தை பிடிக்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. மைதானத்துக்கு வெளியே வண்டிகளின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஊரே கரியடுப்பில் சாசேஜ் வாட்டியது. ஆர்வில் வழக்கம்போல மற்றவர்கள் அடுப்பையும் சேர்த்து மேற்பார்வை பார்த்தார். பிறகு ஆட்டம். ஜமார் நின்றான், எறிந்தான். பந்து தரையில் விழுந்தது. மறுபடி எறிந்தான், எதிராளி பிடித்துக்கொண்டான். தான் சொன்னது சரியாக வேண்டும் என்பதும் தன் பக்கம் ஜெயிக்க வேண்டும் என்பதும் ஒன்றல்ல. பலருக்கு இந்த இரண்டும் தனித்தனியாகக் கண்ணில் படாமலே ஆயுள் முடிந்துவிடும். ஆர்விலுக்கு அன்று பட்டது. ஒவ்வொரு பந்து விழும்போதும் நெஞ்சு வலித்தது. உதட்டோரம் மட்டும் தன்பாட்டில் சிரித்தது. பாதி ஆட்டம் முடிந்தபோது பக்கத்து இருக்கையில் இருந்த வெண்டலைத் தட்டிக்கொடுத்து, "நிக்கிறான் பாத்தியா" என்றார். குரலில் பெருமை இருந்தது. முகத்தில் இழவு வீட்டுக் களை.

கடைசி நிமிடம். நான்கு புள்ளி பின்னால் இருக்கிறோம். பந்து ஜமார் கையில். முன்னால் பிடிக்க ஆள் இல்லை. பக்கத்தில் கொடுக்க ஆள் இல்லை. மாட்டுவண்டி அகலத்துக்கு இரண்டு தடியர்கள் அவனை நோக்கி வருகிறார்கள். இடப்பக்கம் மட்டும் ஒரு சந்து திறந்து கிடக்கிறது. அவன் அதைப் பார்த்தானோ இல்லையோ, மேலே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

"ஓடுடா!"

கத்தியவர் யார் என்று நாங்கள் திரும்பிப் பார்த்தோம். இருக்கைமேல் ஏறி நின்றுகொண்டு, தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு, தொண்டை நரம்பு புடைக்க, ஆர்வில். "ஓடுடா என் ராசா, நிக்காத, ஓடு!"

ஜமார் ஓடினான். தொட விரல்கள் நீண்டன. ஊத விசில் இல்லை. கோட்டைத் தாண்டி விழுந்தான்; ஆறு புள்ளி. டன்லோ ஜெயித்தது. ஆர்வில் வெண்டலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். எதை இழந்தோம் என்பது வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. நான் யாரையும் எளிதில் புகழ்வதில்லை. ஆனால் தன் தோல்வியை அவ்வளவு உரக்கக் கூப்பிட்ட ஒரு மனிதனை அன்றுதான் பார்த்தேன். அந்த ஓர் இரவுக்காவது அவரைப் பெரிய மனிதர் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

திங்கட்கிழமை காலை வரைதான் அது நீடித்தது.

ஆர்வில் கடைக்குள் வந்தபோது வெண்டல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டொரீன் காபி ஊற்றியபடி ஓரக்கண்ணால் பார்த்தாள். ஆர்வில் தொப்பியைக் கழற்றி மாட்டினார். நிதானமாகச் சொன்னார்: "நான் சொன்னப்புறம்தான ஓடினான்?"

மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"ஊரே கேட்டுச்சு. சொல்லுங்க, நான் ஓடுன்னு சொல்றதுக்கு முன்னாடி அவன் ஓடினானா?"

ஓடவில்லைதான். ஆனாலும் டொரீன், "கை குலுக்கினது குலுக்கினதுதான் அண்ணே" என்று சொல்லிவிட்டாள். ஆர்வில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வெண்டல் கெச்சப் புட்டியை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் மிளகாய்ச் சாறை வைத்தார். தொண்டையைக் கனைத்தார்.

"எழுதி வெச்சுக்கோங்க. இந்தப் பையன் இனிமே எறியவே மாட்டான். ஓட்டம்தான் நம்ம ஆட்டம்."

"எறிவான் மாப்ள," என்றார் ஆர்வில் ஓரத்திலிருந்து. "ஓடறவன்னு தெரிஞ்சுபோச்சுல்ல, எதிராளிங்க ரெண்டு பேர் அவனையே பாத்துட்டு நிப்பானுங்க. எறியறதுக்கு எடம் தானா கெடைக்கும்."

வெண்டல் சிரித்தார். கோடை முழுவதும் நாங்கள் கேட்ட அதே சிரிப்பு.

நீங்கள் இந்த இனம் இல்லை; நல்லது. உங்களுக்குக் கால்பந்தே தெரியாது, இன்னும் நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெண்டல் நாற்காலியில் உட்கார்ந்தால் இப்படித்தான் ஆவார் என்று பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டதாக இப்போது உங்களுக்குத் தோன்றுகிறதா?

அப்படியானால் வாருங்கள். ஆர்விலுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. உப்பை மட்டும் தொட்டுவிடாதீர்கள்.