தையல்கடையில் தடுப்பூசி

நான் தையல்காரன். காலையிலிருந்து இரவு வரை ஊசியோடுதான் குடித்தனம். ஆனால் என் ஒன்பது மாத மகள்மேல் ஓர் ஊசி படக்கூடாது என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டேன். கடைக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு கதை சொல்லியிருந்தார்கள். ஊசி போட்டால் காய்ச்சல் வருமாம், கூடவே வேறென்னவோ வருமாம். அந்த வேறென்னவோ எதுவென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதனாலேயே எனக்குப் பயம் கூடிப்போயிற்று.

மனைவி முதலில் நூல் விட்டுப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக் குழந்தை தட்டம்மை வந்து ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறியபோது கூட இருந்தவள் அவள். அன்று வீடு திரும்பியவள் எங்கள் மகளை வெகுநேரம் கீழே விடவில்லை.

"ஊசி போட்ட காய்ச்சல் ரெண்டு நாள்ல போயிடும்ங்க. இந்த நோய் அப்படிப் போறதில்ல."

"இந்த வீட்டுல நான் சொன்னா சொன்னதுதான்."

"சரிங்க" என்றாள்.

அவள் 'சரிங்க' என்றால் எனக்குச் சரிவு ஆரம்பம் என்று அர்த்தம். அன்று அது உறைக்கவில்லை.

தடுப்பூசி முகாம் நாள் விடிந்ததும் மகளைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். முகாம் முடியும்வரை வீட்டுப் பக்கம் தலைகாட்டுவதாக இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஷட்டர் தானாக மேலே போயிற்று. குளிர்பெட்டியோடு நர்சம்மா நின்றார். அவருக்குப் பின்னால் தெருவே நின்றது. முன்னால் என் மனைவி.

சுகாதார நிலையத்தில் வெள்ளையடிக்கிறார்களாம். இடத்துக்கு எங்கே போவது என்று நர்சம்மா தவித்தபோது, என் மனைவிதான் என் கடையைத் தாராளமாகக் கொடுத்திருக்கிறாள். நான் ஒளிய வேறு இடமில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

தயங்கிக்கொண்டிருந்த தாய்மார்கள் என்னைப் பார்த்தார்கள். "அண்ணனே மொத ஆளா புள்ளையத் தூக்கிட்டு வந்துட்டாரு, நமக்கென்ன" என்று வரிசை கட்டினார்கள். மறுத்துச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மகள் வீலென்றாள். முடிந்துவிட்டது. இரண்டு விசும்பல், பிறகு என் அளவு நாடாவைச் சப்ப ஆரம்பித்தாள்.

நான் தோற்கவில்லை. வாடிக்கையாளர்கள் முன்னால் சண்டை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தேன், அவ்வளவுதான்.

மனைவி மெல்ல அருகில் வந்தாள். எதிர்வீட்டு லாரி டிரைவர் மட்டும் பிடிவாதமாக இருக்கிறாராம். என் பேச்சு என்றால் கேட்பாராம். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. போனேன். அவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்று ஊசியின் கெடுதல்களை அடுக்கினார். நான் நன்மைகளை அடுக்கினேன். எல்லாம் என் மனைவி சொன்னவை. எனக்கே அப்போதுதான் நியாயமாகப் பட்டன. அவர் அசையவில்லை. தொண்டை கட்டி, தலை குனிந்து திரும்பினேன்.

கடையில் வரிசையின் கடைசியில் டிரைவரின் மனைவி. இடுப்பில் பிள்ளை. அவர்கள் வீட்டுப் பின்வாசல் வழியாக வந்திருக்கிறாள்.

என் மனைவி என்னைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"அதுக்குள்ள ஏங்க வந்தீங்க? இன்னும் கொஞ்ச நேரம் அவரை வாசல்லயே பிடிச்சு வெச்சிருக்கக் கூடாதா?"