நாலு நல்ல காது

ஜெயசீலி டீச்சரின் இடது காதைத் தயாளன் பார்க்க ஆரம்பித்து இரண்டு கீர்த்தனைகள் முடிந்துவிட்டன. போதகர் பிரசங்கத்தைத் தொடங்கிய பிறகும் அவர் திரும்புவதாக இல்லை.

ஆண்கள் பக்கம் ஓரமாக உட்கார்ந்தால் பெண்கள் வரிசை நன்றாகத் தெரியும். டீச்சர் தலையசைக்கும்போதெல்லாம் வைரத்தோடு பளிச்சிட்டது. தயாளன் கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினார். டீச்சர் முறைத்தார். முக்காட்டை இழுத்துக் காதை மூடிக்கொண்டார்.

"சே, நல்ல நேரத்தில் மூடிவிட்டாரே" என்று தயாளன் நொந்துகொண்டார். சத்தியமாக அவருக்கு வேறு எண்ணம் கிடையாது. இருந்திருந்தால் கொஞ்சம் சாமர்த்தியமாகவாவது பார்த்திருப்பார்.

பாரிமுனையில் ஹெட்கிளார்க், சிட்லபாக்கத்தில் சொந்த வீடு, சபைக் கமிட்டியில் செயலாளர். அப்படிப்பட்டவரை இந்தக் கதிக்கு ஆளாக்கியவர் தாம்பரம் பஜாரில் நகைக்கடை வைத்திருக்கும் உமர் பாய்தான்.

தயாளனுக்கு ஒரே மகள் யூனிஸ். நர்ஸ். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. படிப்புக் காலத்திலும் சரி, ஆஸ்பத்திரியிலும் சரி, நகை நட்டு கூடாது என்று கண்டிப்பு. இத்தனை வருஷம் வெறுங்கழுத்தும் வெறுங்கையுமாக இருந்த பெண், கல்யாணத்தன்றாவது மின்ன வேண்டாமா? வைரத்தோடு வாங்கித் தருவதென்று தயாளன் தீர்மானித்தார். மனைவி சாராளிடம் மூச்சுவிடவில்லை. அதற்குக் காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் அவளுக்கு ஒரு வைர மோதிரம் வாங்கிக் கொடுத்தார். பட்டாணி அளவு கல், ஆனால் மினுக்கமே இல்லை.

"நீர்மோர் மாதிரி இருக்கு" என்றாள் சாராள். அன்றிலிருந்து சாப்பாட்டில் மோர் ஊற்றும்போதெல்லாம் அதை ஞாபகப்படுத்துவாள்.

"பெரிசு சின்னது யார் வேணா பாக்கலாம் சார்" என்றார் உமர் பாய், இந்த மோர்க் கதையைக் கேட்டுவிட்டு. "பட்டை எப்படித் தீட்டியிருக்குன்னு பாக்கணும். ஆழம் ஜாஸ்தியானா நடுவுல இருட்டு. கம்மியானா மீன் கண்ணு மாதிரி வெறுமனே முழிக்கும். மேல புகுந்த வெளிச்சம் மேலயே திரும்பி வரணும், அதான் கட்டிங்."

"அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது பாய்?"

"கடை லைட்டுல கண்ணாடித் துண்டு கூட ஜொலிக்கும். தோடு காதுல இருக்கணும், அந்தம்மா தலையை ஆட்டிப் பேசணும், நீங்க நிழல்ல பத்தடி தள்ளி நின்னு பாக்கணும். நாலு நல்ல காதாப் பார்த்துட்டு வாங்க சார். கண்ணு பழகிடும்."

முதல் காதுதான் ஜெயசீலி டீச்சருடையது.

கோவிலில் பார்த்தது போதவில்லை. மறுநாள் காலை சானடோரியம் ஸ்டேஷனில் மின்சார ரயில் நின்றதும், தயாளன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பெண்கள் பெட்டியின் ஜன்னல் ஜன்னலாக நடந்தார்.

"இன்னா சார், பொம்பளைங்க பொட்டிய இப்டி மொறைச்சிகினு கீற?" என்று கூடைக்காரி ஒருத்தி சத்தம் போட்டாள். "வூட்ல பொண்டு புள்ள இல்ல?"

"காதைத்தாம்மா பார்த்தேன்."

"காதையா! பெரிய மன்ஷன் பேசற பேச்சா இது?"

பெட்டியே திரும்பிப் பார்த்தது. அதில் ஜெயசீலி டீச்சரும் இருந்தார்.

விஷயம் முற்றுவதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று தயாளன் அன்று அரை நாள் லீவு போட்டு, டீச்சரின் பள்ளிக்கூடத்துக்கே போனார். உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் டீச்சர் காதில் விழுந்தது சாயங்காலம் சாராள் காதில் விழாமல் இருக்காது.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. ஒரு காரணம் இருக்கு. இப்போ சொல்ல முடியாது."

"அப்படியா?"

"வந்ததுதான் வந்தேன், அந்த வேப்பமரத்து நிழலுக்கு வந்து ரெண்டு நிமிஷம் தலையை ஆட்டிப் பேசினீங்கன்னா உபகாரமா இருக்கும்."

டீச்சர் நிழலுக்கு வரவில்லை. நின்ற இடத்திலேயே தலையை ஆட்டிப் பேசினார். ரெண்டு நிமிஷத்துக்கு மேலேயே பேசினார். ஆனால் ஒன்று, அந்தக் கோபத்தில் தோடு அற்புதமாக ஜொலித்தது. தயாளனுக்குக் கண் பழகிவிட்டது.

நேராக உமர் பாய் கடைக்குப் போனார். இரண்டு ஜோடிகளை வாசல் நிழலில் வைத்துப் பார்த்தார். பெரியதை ஒதுக்கிவிட்டுச் சின்னதை எடுத்தார்.

"பலே சார்! அந்தப் பெரிசை எடுத்திருந்தா மறுபடியும் மோர்தான்."

சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தவரைச் சாராள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"காதாம், மரத்து நிழலாம்! இந்த வயசுல புத்தி ஏன் இப்படிப் போகுது? சம்பந்தி வீடு, ஊரப்பாக்கம் வரைக்கும் நாறிப்போச்சு. நாளைக்குச் சாயங்காலம் சம்பந்தியம்மா வராங்க. போதகரையும் கூட்டிக்கிட்டு வராங்களாம்!"

யூனிஸ் சமையலறைக் கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். காதை மறைத்துத் தலை வாருவது அப்போதைய நாகரிகம். அந்த முடியெல்லாம் கண்ணீரில் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மகளுக்காகச் செய்யப்போய், மகள் கல்யாணத்துக்கே உலை வைத்துவிட்டோமோ என்று தயாளன் பயந்து போனார். சாராள் இருக்கும் கோபத்தில் தோட்டைக் காட்டினால் அதுவும் மோராகிவிடும் என்று பொட்டலத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

மறுநாள் மாப்பிள்ளையின் தாயார் ரத்தினபாய் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் போதகர். சாட்சிக்கு ஜெயசீலி டீச்சர்.

"அண்ணே, நாங்க கௌரவமான குடும்பம்" என்று ரத்தினபாய் ஆரம்பித்தார். "இந்தச் சம்பந்தம் வேணுமான்னு..."

"சாராள், டியூப்லைட்டை அணை!" என்றார் தயாளன்.

போதகர் எழுந்து நின்றுவிட்டார். "தயாளன்! என்ன இது?"

"ஐயா, கொஞ்சம் பொறுங்க." தானே போய் விளக்கை அணைத்தார். சட்டைப் பையிலிருந்த காகிதப் பொட்டலத்தை ஜன்னலோரம் வைத்துப் பிரித்தார். அந்த மங்கிய வெளிச்சத்தை வாங்கித் தோடு இரண்டும் திருப்பி வீசின. "அம்மாடி!" என்றார் ரத்தினபாய், தன்னையறியாமல்.

தயாளன் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். நீர்மோர், மீன் கண், நாலு நல்ல காது, ஒன்று விடவில்லை.

"முன்னாடியே சொல்லியிருந்தா கழற்றியே குடுத்திருப்பேனே சார்!" என்று டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்ல தகப்பன்" என்றார் போதகர். சாராள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். ஆனந்தத்தில் பேச்சு வரவில்லை என்று தயாளன் நினைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மோரை வென்றுவிட்ட பெருமையில் அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

"இப்பவே போட்டுப் பார்த்துடுவோம். வாம்மா" என்று ரத்தினபாய் யூனிஸை நாற்காலியில் உட்கார வைத்தார்.

தயாளன் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்..."

"சொல்லும்மா. தலையை ஆட்டி நல்லாச் சொல்லு!"

ரத்தினபாய் தோட்டின் திருகைக் கழற்றினார். வலது பக்கத்து முடியை ஒதுக்கிக் காதைத் தடவினார். இடது பக்கமும் ஒதுக்கித் தடவினார். பிறகு மெல்லத் திரும்பித் தயாளனைப் பார்த்தார்.

"அண்ணே, ஊர்ல உள்ள காதையெல்லாம் பார்த்தீங்களே, உங்க மக காது ஓட்டை தூர்ந்துபோய்க் கிடக்கே!"