மண்பானைக்குக் காவல்

"தண்ணியில தூக்கிப் போடுடான்னா போட வேண்டியதுதானே? அதுக்கு எதுக்கு இத்தனை வியாக்கியானம்?"

கொல்லையில் நின்று ஆனந்தவல்லி போட்ட சத்தம் தெருமுனை இஸ்திரி வண்டி வரைக்கும் கேட்டது. கேட்கக் கூடாது என்று அந்தத் தெருவில் யாரும் காதைப் பொத்திக்கொண்டதாகத் தகவல் இல்லை.

"தண்ணியில போடக் கூடாதும்மா. குத்தக் கூடாது, அமுக்கக் கூடாது, குப்பையில போடக் கூடாது. மணல்ல வச்சுட்டு, அடங்குற வரைக்கும் ஒரு ஆள் அது மேல கண்ணு வச்சிருக்கணும்," என்றான் பிரபு, அவனும் குரலை இறக்காமல்.

"பெத்தவ காய்ச்சல்ல கிடந்தப்ப இப்படி ஒருநாள் பக்கத்துல உக்காந்தியாடா நீ?"

பிரபுவுக்கு முப்பது வயது. தஞ்சாவூரில் வங்கி உத்தியோகம், பார்க்கவும் லட்சணம். ஒரே குறை ரிமோட் கார். பூனை அளவுதான் இருக்கும். அது போகிற வேகத்தைப் பார்த்துவிட்டுத் தெருநாய்கள்கூடத் துரத்துவதைக் கைவிட்டிருந்தன. அன்று காலை, ஒரே ஒரு சுற்று என்று ஆரம்பித்து, மின்கம்பத்தில் கொண்டுபோய் மோதிவிட்டான். காருக்குக் கீறல்கூட இல்லை. உள்ளே இருந்த லித்தியம் பாலிமர் பேட்டரிக்குத்தான் ஒரு மூலை நசுங்கிப்போனது. சோப்புக்கட்டி மாதிரி சப்பட்டையாக இருந்தது மெல்ல மெல்ல உப்ப ஆரம்பித்தது. அடிபட்ட பேட்டரி உடனே ஒன்றும் செய்யாது. சாவகாசமாக யோசித்து, அரைமணி கழித்தோ மத்தியானமோ புகையும், தீப்பிடிக்கும். பிடிக்காமலும் போகும்.

அன்றைக்குத்தான் குத்தாலத்திலிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள்.

இதற்கு முன்னால் சீர்காழி வரன் ஒன்று, கூடத்தில் கிடந்த காரைப் பார்த்துவிட்டு, "பையனுக்கு விளையாட்டுச் சாமானே போதும் போலருக்கே" என்று எழுந்து போயிருந்தது. அதனால் ஆனந்தவல்லி இந்தத் தடவை, மோதி முடித்த காரைப் பிடுங்கிப் பழைய புடவையில் சுற்றிப் பரணில் ஏற்றியிருந்தாள். தரகர் மருதையனிடமும், "கார் பேச்சு ஒங்க வாயில வரவே கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தாள்.

பெண் பெயர் கவிப்ரியா. விவசாயப் படிப்பு, சொந்தமாக வயல்களுக்கு மருந்தடித்துக் கொடுக்கும் தொழில் என்று மருதையன் சொல்லியிருந்தார். போட்டோவில் அவள் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, வரப்பில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் போட்டோவைப் பிரபு பார்த்த பார்வையில் போன் சூடேறியது என்று அவன் அப்பாவே சொன்னார். இந்தப் பெண்ணும் கைநழுவினால் தனக்கு இனிமேல் கல்யாணமே வேண்டாம் என்று அவன் முடிவு கட்டியிருந்தான்.

பேட்டரியை மணல் நிரப்பிய மண்பானையில் வைத்தாயிற்று. பானையை எங்கே வைப்பது?

கொல்லையில் வைத்தால் பக்கத்தில் வைக்கோல் கட்டுகள். பொறி பட்டால் தெருவே காலி. மாடிக்குக் கொண்டுபோனான். அங்கே தார்ப்பாயில் விதைநெல் காய்ந்தது. "வெதநெல்லுல கை வச்சே, வீட்டுக்குள்ளயே சேக்க மாட்டேன்," என்று அப்பா துரைக்கண்ணு கீழே இருந்தே எச்சரித்தார். வாசலுக்குக் கொண்டுவந்தான். பளிச்சென்ற கோலத்தின் நடுவில் கரிப்பானை.

"கல்யாணத்துக்குக் கூப்பிடுறோமா, காரியத்துக்குக் கூப்பிடுறோமா?" என்றாள் ஆனந்தவல்லி.

மறுபடி கொல்லைக்கே தூக்கிக்கொண்டு ஓடி, வைக்கோலுக்கு எட்டாத தூரத்தில், குளியலறைக்குப் பின்னால் கட்டாந்தரையில் இறக்கி வைத்து நிமிர்ந்தான். வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

பெண்ணின் அப்பா இளையபெருமாள், அதிகம் பேசாதவர். அவர் தங்கை பிரகதீஸ்வரி, அதிகம் பார்ப்பவர். ஜன்னல் கம்பியில் தூசி இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

பிரபு வந்தான், கும்பிட்டான், ஒரு வாய் காப்பி குடித்தான், எழுந்து கொல்லைக்குப் போனான். பானை சும்மா இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தான். வேலையைப் பற்றிக் கேட்டார்கள். பாதி பதிலில் மறுபடி எழுந்து போனான்.

"தம்பிக்கு ஒடம்புக்கு ஏதும்...?" என்றார் இளையபெருமாள்.

"வயித்துக் கோளாறுங்க. நேத்து ஒரு விசேஷத்துல சாப்பிட்டது," என்றாள் ஆனந்தவல்லி.

மூன்றாவது முறையும் அவன் போனபோது, "அடிக்கடி போறாப்லயே. சுகர் டெஸ்ட் எடுத்துப் பாத்தீங்களா?" என்றார் பிரகதீஸ்வரி.

ஆனந்தவல்லிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அய்ய, அதெல்லாம் இல்லைங்க. மாட்டுக்குத் தீனி காட்டப் போறான். வாயில்லா ஜீவன்னா அவனுக்கு உசுரு."

"மாட்டைத்தான் போன வருஷமே வித்துட்டமே," என்றார் துரைக்கண்ணு. பொய்க்குப் பழகாத மனிதர். அதற்காக அவர் வீட்டில் வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை.



ஆனந்தவல்லி அடுக்களைக்குள் போய், சுவர் ஓரமாக நின்று, பக்கத்து வீட்டுப் பரணிதரனை அழைத்தாள். பரணி பிரபுவின் பெரியப்பா மகன், இரண்டு வயது பெரியவன். எங்கே உட்கார்ந்தாலும் எழுந்திருக்க மாட்டான். ஒரு கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்தவன் கடைசிப் பந்தி வரை அதே இடத்தில் இருந்ததைத் தெருவே பார்த்திருக்கிறது. அவன் ஜாதகத்தை வெளியே கொடுப்பதை வீட்டிலேயே நிறுத்தியாகிவிட்டது.

பிரபு அவனைப் பானைக்கு எட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தான். பக்கத்தில் மணல் குவித்து, நீளக் காம்பு போட்ட மண்வெட்டியையும் கையில் கொடுத்தான்.

"அண்ணே, இது அடிபட்ட பேட்டரி. ஆளில்லாம விடக் கூடாது. யாரு கூப்பிட்டாலும் போகாத. புகைஞ்சா மணலை அள்ளிப் போடு. தண்ணி ஊத்திராத. புகையில மூஞ்சியக் காட்டாத."

"எந்திரிக்காம இருக்கணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

பரணியின் முகத்தில் ஒரு நிறைவு தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவனுக்குத் தோதாக ஒரு வேலையை யாரும் கொடுத்ததில்லை.

பிரபு கூடத்துக்கு வந்து உட்கார்ந்தான். பேச்சு ஓடியது. வங்கி, பதவி உயர்வு, தஞ்சாவூரில் வீடு. இளையபெருமாள் முகம் தெளிந்தது. அப்போதுதான் பிரகதீஸ்வரி, "கை கழுவிட்டு வந்துர்றேன்," என்று கொல்லைப் பக்கம் போனார்.

ஜன்னல் வழியாகப் பிரபு பார்த்தான். கை கழுவினார். வரவில்லை. பானையைப் பார்த்தார். பரணியிடம் ஏதோ கேட்டார். பரணி, நாற்காலியில் இருந்தபடியே, வைக்கோலைக் காட்டினான், மணலைக் காட்டினான், விலகி நில்லுங்க என்று கையைக் காட்டினான். பெண்ணின் அத்தைக்கு எழுந்து ஒரு நாற்காலி கொடுக்க வேண்டுமென்றுகூட அந்தத் தடியனுக்குத் தோன்றவில்லையே என்று பிரபுவுக்கு வேர்த்தது. எழப் போனான். ஆனந்தவல்லி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு, பல்லுக்குள்ளேயே சொன்னாள். "இப்ப எந்திரிச்சே, நான் செத்தேன்னு வச்சுக்க."

கொல்லையில் 'புஸ்' என்று ஒரு சத்தம். ஜன்னலைத் தாண்டி வெள்ளைப் புகை போயிற்று.

"என்னமோ கருகுற வாடை வருதே," என்றார் இளையபெருமாள்.

ஓட வேண்டும் என்று பிரபுவுக்குத் தெரியும். எழுந்தால் கார், பேட்டரி, பரண் எல்லாம் வெளியே வரும் என்பதும் தெரியும். ரப்பர் பூட்ஸ் போட்ட சிரிப்பு ஒருமுறை கண்ணில் வந்து போயிற்று.

"பால் பொங்கிருச்சு போலருக்குங்க," என்றான், உட்கார்ந்தபடியே, கொல்லைக்கே கேட்கிற குரலில்.

நெயில் பாலிஷை வாணலியில் ஊற்றிக் காய்ச்சினால் வருகிற வாடை அது. எந்தப் பசுவும் அப்படிப் பால் கறந்ததில்லை. கொல்லையிலிருந்து மண்வெட்டி சரக், சரக் என்று மணல் அள்ளும் சத்தம் அவசரமில்லாமல் கேட்டு, பிறகு ஓய்ந்தது.

பிரகதீஸ்வரி உள்ளே வந்தார். புடவைக் கரையில் மணல் ஒட்டியிருந்தது. ஆறின காப்பியை எடுத்துக் குடித்தார். பிரபுவை ஒரு பார்வை பார்த்தார்.

"பாலை அமத்தியாச்சு," என்றார்.

"கலந்து பேசிட்டுச் சொல்றோம்," என்று கிளம்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் தரகர் மருதையன் சிரித்துக்கொண்டே வந்தார். "சம்பந்தம் முடிவாயிருச்சு, தங்கச்சி." ஆனந்தவல்லி ஓடிப்போய் ஒரு கை சீனியை அள்ளி அவர் வாயில் போட்டாள். முழுசாகக் கரைகிற வரை காத்திருந்துவிட்டு அவர் மீதியைச் சொன்னார்.

"பொண்ணுக்குப் பிடிச்சுப்போச்சாம். பரணியை."

தெருவுக்கு ஒரு மாதத்துக்குத் தூக்கம் போயிற்று. பெண்ணுக்கு ஏதாவது குறை இருக்கும் என்றார்கள். பரணி வீட்டில் மருந்து வைத்துவிட்டார்கள் என்றார்கள். சுகர் விஷயம்தான் என்று எதிர்வீட்டு ஈஸ்வரி அடித்துச் சொன்னாள்.

வைகாசியில் குத்தாலத்தில் கல்யாணம். வரிசைத் தட்டைத் தூக்கியது பிரபு. கவிப்ரியாவை "அண்ணி" என்று முதலில் கூப்பிட வேண்டியவனும் அவன்தான். பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் பிரகதீஸ்வரியிடம் மாட்டிக்கொண்டபோது, கேட்டேவிட்டான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என்கிட்ட என்ன குறையைக் கண்டீங்க?"

"கொறையா? ஒங்களைத்தான் தம்பி ஆசையா பாக்க வந்தோம். ரிமோட் கார் ஓட்டுற பையன்னு மருதையன் மொத நாளே சொல்லிட்டாரு. அதுக்காகத்தானே கவிப்ரியா ஜாதகமே கேட்டா? அவ மருந்தடிக்கிறது ட்ரோன்ல. போன சம்பாவுல பேட்டரிக்குச் சார்ஜ் போட்டவன் டீ குடிக்கப் போனான், கொட்டகையே எரிஞ்சு போச்சு. 'வீடு வாசலெல்லாம் பாக்க வேணாம் அத்தை, பேட்டரியை விட்டுட்டு எந்திரிச்சுப் போற ஆளா, கூடவே உக்காந்திருக்கிற ஆளான்னு மட்டும் பாத்துட்டு வா'ன்னு சொல்லி அனுப்பிச்சா. நான் பாத்தப்ப ஒருத்தர் உக்காந்திருந்தாரு. ஒருத்தரு பால் பொங்குதுன்னாரு."

பிரபு அந்த ஆடியிலேயே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு அதிராம்பட்டினம் கிளைக்குப் போய்விட்டான். காரைக் கொண்டுபோனானா என்று தெருவுக்கு இன்னும் சரியான தகவல் இல்லை. பரணி குத்தாலத்துக்கே போய்விட்டான். வரிசையாக வைத்த பேட்டரிகளுக்கு முன்னால் நாற்காலி போட்டிருக்கிறானாம், தொழில் அமோகமாம். பொங்கலுக்குக்கூட ஊர்ப்பக்கம் வரவில்லை. சார்ஜ் ஏறிக்கொண்டிருந்ததாம்.