வாலெட்டாவுக்குப் போன அச்சுதன்

அச்சுதன் எழுந்தான். பல் தேய்த்தான். காபி கலந்தான். கோப்பையோடு படுக்கையறையின் துணி க்ளாசெட்டுக்குள் போனான். தொங்கிய புடவைகளுக்கு அடியில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு ராஜலக்ஷ்மி ஆன்ட்டி வருவார். அவரைப் பொறுத்தவரை அச்சுதன் இப்போது கலிபோர்னியாவின் லிவர்மோரில் இல்லை. மத்தியதரைக் கடலில் இருக்கிறான்.

அந்தக் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்தது அவன் மனைவி அஞ்சனா. நேப்பிள்ஸில் ஏறி மால்டா தீவுக்குப் போக வேண்டும். வாலெட்டா துறைமுகத்துக்குள் கப்பல் நுழையும்போது மேல்தளத்தில் நிற்க வேண்டும். அதுதான் அவள் ஆசை. நவம்பரில் அவள் இறந்துபோனாள். அவளுக்குப் பதில் தான் போய் நின்றுவிட்டு வருவதாக அச்சுதன் எல்லாரிடமும் சொன்னான். கட்டிலருகே இருந்த அவள் படத்திடமும் சொன்னான்.

ஏர்போர்ட்டில் கொண்டுவிட்டது ஆன்ட்டியின் கணவர் சேனாபதி அங்கிள். "ஊபர் எதுக்குப்பா? நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?"

ஆன்ட்டியும் கூடவே வந்தார். "அஞ்சனாவோட கறிவேப்பிலைச் செடிக்கு நான் தண்ணி ஊத்திக்கறேன். சாவியைக் குடு."

கொடுத்தான்.

விமானத்தில் ஏறக் கூப்பிட்டார்கள். அஞ்சனாவின் ஜன்னலோர இருக்கை காலியாகவே வரும் என்று அப்போதுதான் உறைத்தது. எழுந்திருக்க முடியவில்லை. விமானம் போன பிறகு எழுந்தான். ரயில் பிடித்து, கராஜ் வழியாக வீட்டுக்குள் வந்தான்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், அவளுக்காக இதைக்கூடச் செய்ய முடியாதவன் என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஒரு வாரம் ஒளிந்திருந்தால் போதும், போய்வந்தவன் ஆகிவிடலாம்.

வாசல் கதவு திறந்தது. சமையலறைக் குழாய் ஓடியது. நின்றது. அடுத்து அவன் மடியிலிருந்த போன் அலறியது.

புடவைத் தலைப்பை அதன்மேல் அமுக்கிக்கொண்டு எடுத்தான். "ஹலோ, ஆன்ட்டி."

"என்னப்பா, குரலே எழும்பலை?"

"சர்ச்சுக்குள்ள இருக்கேன்."

"அங்க ராத்திரி ஏழு மணி ஆச்சேப்பா!"

"பூசை நடக்குது ஆன்ட்டி."

"எப்படி இருக்கு சர்ச்?"

அதை அவன் லேப்டாப்பில் பார்த்திருந்தான். "தரை முழுக்கக் கல்லறை. எல்லாம் சலவைக்கல். அது மேலதான் நடக்கணும்."



"சாப்பிட்டியா?"

"கப்பல்ல பஃபே இருக்கு ஆன்ட்டி."

"ம். பஃபே."

வாசல் கதவு சாத்தப்பட்டது. இத்தனை பக்கத்தில் போன் அலறியும் கேட்காத ஆன்ட்டிக்குக் காது மந்தம் போலிருக்கிறது என்று நிம்மதியாக வெளியே வந்தான். அடுப்பு மேடையில் ஒரு டப்பா. எலுமிச்சை சாதம். தன் சாப்பாட்டை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பாதியைச் சாப்பிட்டு, மீதியைக் கரண்டியால் பரப்பி, முழுசாக இருப்பதுபோல் ஆக்கினான்.

மறுநாள் ரெண்டு டப்பாக்கள். பாவம், மறதியும் சேர்ந்துவிட்டது.

"ஊரை ஃபோட்டோ எடுத்து அனுப்பேன்" என்று வாட்ஸப்பில் கேட்டார்.

இன்டர்நெட் வரைபடத்தில் அவன் வாலெட்டா முழுவதும் நடந்திருந்தான். தெருக்கள் படிகளாக இறங்கிக் கடலில் முடிந்தன. மஞ்சள் கல் வீடுகளில் பச்சையும் சிவப்புமாக மரக் கூண்டு பால்கனிகள். நடந்து போகிறவர்களின் முகங்களை மங்கலாக்கியிருந்தார்கள். நவம்பரிலிருந்து அவனுக்கு எல்லாரும் அப்படித்தான் தெரிந்தார்கள். ஒரு தெருவைத் திரையில் இருந்தபடியே படம்பிடித்து அனுப்பினான்.

"தெரு நடுவுல என்னப்பா, வெள்ளையா ஒரு அம்புக்குறி?"

"ஒன்வே ஆன்ட்டி."

"ஓ."

இரண்டு நாள் முன்பு கப்பல் துறைமுகத்துக்குள் நுழைந்ததைத் துறைமுகக் காமிராவின் பதிவில் பார்த்தான். மேல்தளத்தில் யார் யாரோ நின்றார்கள். ஒருத்தி கையசைத்தாள். அவன் லேப்டாப்பை மூடினான். பின்வாசல் திரையை விலக்கிச் செடியையாவது பார்க்கலாமா என்று எழுந்தான். நவம்பருக்குப் பிறகு அந்தத் திரையை அவன் தொட்டதில்லை. அன்றும் தொடவில்லை.

அடுத்த நாள் மூன்று டப்பாக்கள். கூடவே அப்பளம். இனியும் சும்மா இருப்பது பாவம் என்று பட்டது. அங்கிளுக்கு எழுதினான்: "ஆன்ட்டி சமைத்ததை எங்காவது வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். காதும் சரியாகக் கேட்பதில்லை. உடனே டாக்டரிடம் காட்டுங்கள்."

அனுப்பிய பிறகுதான் தோன்றியது. இதெல்லாம் மால்டாவில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்?

அழிக்கப் போனான். அங்கிள் படித்துவிட்டிருந்தார். கட்டைவிரலை உயர்த்தி ஒரு பொம்மை மட்டும் பதிலாக வந்தது.

வாசலில் மறுபடியும் சாவி திரும்பியது. அப்பளத்தோடு க்ளாசெட்டுக்குள் பாய்ந்தான். கைக்குள் அது நொறுங்கியது.

இந்த முறை குழாய்ச் சத்தம் இல்லை. செருப்பு ஒலி கூடத்தைத் தாண்டிப் படுக்கையறைக்குள் வந்தது. கட்டிலருகே, அஞ்சனாவின் படத்துக்கு முன்னால் நின்றது. ரசத்தின் வாசனை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. அச்சுதன் மூச்சை அடக்கிக்கொண்டான்.

"அஞ்சனா, உன் செடி ஜனவரிப் பனியிலேயே எங்க வீட்டுக்கு வந்தாச்சு, இவன் ஃப்ளைட் ஏறமாட்டான்னு தெரிஞ்சுதான் சாவியை வாங்கினேன், வெறும் குழாயைத் திறந்து திறந்து மூடி எனக்குக் கை வலிக்குதும்மா, உன் புருஷனைச் சாப்பிட வெளியில வரச் சொல்லு."