பாக்கியம் அம்மாள் சொன்ன வெண்ணெய்

2025ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடத்தில், தாராவி தொண்ணூறடி சாலைக்குப் பின்புறமுள்ள குகை வடிவ அந்தோணியார் கெபியின் முன் முந்நூறு பேருக்கான அண்டா அடுப்பில் ஏற்றப்பட்டது. ஏற்றியவர்களில் ஒருவருடைய காலில் மிதிபட்டுச் சேசம்மாளின் மூக்குக்கண்ணாடி முறிந்ததும் அந்த நிமிடத்தில்தான்.

கண்ணாடி இல்லாவிட்டாலும் சேசம்மாளுக்கு அண்டா தெரியும், அகப்பை தெரியும். அச்செழுத்து மட்டும் தெரியாது.

வேறு ஆண்டாக இருந்தால் அது ஒரு பொருட்டாகியிராது. பத்து ஆண்டுகளாக அந்தோணியார் திருநாள் அசனத்துக்கு, அதாவது ஊர்ப் பொது விருந்துக்கு, ஆட்டிறைச்சிக் குழம்பு வைப்பவர் அவரே. இவ்வாண்டு திருநாள் வெள்ளிக்கிழமையில் விழுந்ததால் இறைச்சி வேண்டாம் என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டார். எனவே கத்தரிக்காய்க் குழம்பு. அதுவும் சேசம்மாள் இதற்கு முன் முந்நூறு பேருக்கு வைத்திராத குழம்பு. குறை ஏதும் வந்தால் அடுத்த ஆண்டு அசனத்தைச் செம்பூர் கேட்டரிங்காரரிடம் ஒப்படைப்பதென்று திருவிழாக் குழுத் தலைவர் மிக்கேல்ராஜ் கூட்டத்திலேயே அறிவித்திருந்தார். அந்தக் கேட்டரிங்காரர் செஃப் டைட்டஸின் முறைப்படி சமைப்பவர்.

சமையல் சொல்லித் தருவோரில் சேசம்மாள் மதித்தவர் ஒருவர், மதியாதவர் ஒருவர். மதித்தவர் திருமதி பாக்கியம் ஞானாதிக்கம். உப்பு நாற்பது கிராம் என்று எழுதினால், நாற்பத்தொன்று போடுபவர் சமையலறையை விட்டே வெளியேற வேண்டும் என்னும் தோரணையில் எழுதுபவர். மதியாதவர் தொலைக்காட்சியில் வரும் டைட்டஸ். உப்பைத் தோள் உயரத்திலிருந்து தூவி, 'கொஞ்சம்' என்று சொல்லிச் சிரிப்பவர். அவரைத் திட்டுவதற்காகவே சேசம்மாள் ஒரு வாரமும் தவறாமல் அந்த நிகழ்ச்சியைப் பார்த்துவந்தார்.

பாக்கியம் அம்மாளின் சமையல் புத்தகத்தைப் படித்துச் சொல்லும் பொறுப்பு சுனிதாவுக்கு வந்தது. சுனிதா சேசம்மாளின் கணவருடைய தங்கை. தாராவியிலேயே பிறந்து இந்திப் பள்ளியில் படித்தவள் என்றாலும், மாதம் இருமுறை தமிழ்ப் பூசையில் வாசகத்தைப் பிழையின்றி வாசிப்பவள். தூறல் புத்தகத்தை நனைத்துவிடும் என்று சொல்லி, அடுப்பிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி, தார்ப்பாயின் மூலையில் நின்றுகொண்டாள். தார்ப்பாயும் ஒழுகியதால் அடுத்த வீட்டுப் பேராச்சி அவள் பின்னால் குடை பிடித்தாள்.

சுனிதா புத்தகத்தை முகத்துக்கு நேராக உயர்த்தினாள். வெகுநேரம் அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தி நிதானமாகப் படிப்பவர்களைச் சேசம்மாளுக்குப் பிடிக்கும்.

"மொதல்ல வெங்காயத்த மஸ்காவுல வதக்கணும், மைனி."

"மஸ்காவா? வெண்ணெயா? நல்லாப் பார்த்துச் சொல்லுட்டி."

"நாலு கிலோ போட்டிருக்கு."

நல்லெண்ணெய் டின் திறந்து தயாராக இருந்தது. ஆனால் எழுதியவர் பாக்கியம் அம்மாள். காரணமில்லாமல் எழுதமாட்டார். பால் டேரிக்கு ஆள் ஓடியது. வெண்ணெய் உருகும்வரை சேசம்மாள் சுற்றி நின்றவர்களுக்கு விளக்கம் சொன்னார்: பாக்கியம் அம்மாள் சில காலம் ஊட்டியில் இருந்தவர், ஈரமான பருவத்துக்கு வெண்ணெய்தான் ஏற்றது.

அடுத்து முந்திரி விழுது வந்தது. இருபத்திரண்டு தேங்காய்கள் துருவப்பட்டுக் காத்திருந்தன. அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னார் சேசம்மாள். மறுபடி படித்தபோது முந்திரியோடு பாலாடையும் சேர்ந்துகொண்டது. மூன்றாம் முறை கேட்டதற்குத் தக்காளி சாஸ் வந்தது. கேட்கும்தோறும் புதிதாக ஒரு சாமான் கூடுவதைக் கண்டபின் அவர் கேட்பதை நிறுத்திக்கொண்டார். துருவிய தேங்காய் பிள்ளைகளுக்குச் சர்க்கரையோடு பங்கிடப்பட்டது.

கடைசியில் சீனி வந்தது.

"எத்தன கிராம்?"

சுனிதா தாளைப் புரட்டினாள். "கொஞ்சம்னுதான் இருக்கு."

அடுப்பைச் சுற்றி நின்றவர்கள் சேசம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். சேசம்மாள் அகப்பையை அண்டாவின் விளிம்பில் சாய்த்தார்.

"கொஞ்சம்னு அந்த அம்மா எழுதியிருந்தா, நம்ம அறிவ மதிச்சு எழுதியிருக்காவன்னு அர்த்தம்" என்று தீர்ப்புச் சொல்லி, சீனியைத் தோள் உயரத்திலிருந்து தூவினார்.

பந்தி பன்னிரண்டு மணிக்கு ஆரம்பித்தது. மூன்றாம் பந்தியில் குழம்பு தீர்ந்தது. சாப்பிட்டுப் போனவர்கள் டப்பாவோடு திரும்பி வந்தார்கள். டோம்பிவிலியிலிருந்து நின்றுகொண்டே ரயிலில் வந்த ஒரு குடும்பம் அண்டாவை வழித்துத் தரக் கேட்டது. மிக்கேல்ராஜ் விரலை நக்கியபடியே வந்தார்.

"சேசம்மா, குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா ஒண்ணு. இது அப்படியே அந்த டைட்டஸோட கைப்பக்குவமில்லா?"

சேசம்மாளுக்கு அந்தக் கணத்தில் எல்லாம் தெளிவாயிற்று.

"திருட்டுப்பய. பாக்கியம் அம்மா புஸ்தகத்தப் பார்த்துச் செஞ்சுட்டு, டிவியில தன் பேரச் சொல்லிக்கிடுதான்."

மிக்கேல்ராஜுக்கு அது நியாயமாகப் பட்டது. தாராவிக்காரர்கள் இதைச் சும்மா விட்டுவிடக் கூடாது என்றார். அங்கேயே நாற்காலிகளைப் போட்டுக் குழுவைக் கூட்டினார். தொலைக்காட்சி நிலையத்துக்கு இன்றைக்கே கடிதம். அதோடு புத்தகத்தின் பக்கம் ஜெராக்ஸ் எடுத்து இணைக்கப்படும். மைக்கை வாங்கிச் சபையாருக்கும் அறிவித்துவிட்டார். பிறகு அதே மைக்கைச் சுனிதாவிடம் நீட்டினார்.

"பக்கம் எண்ண மட்டும் சத்தமாச் சொல்லிருமா."

சுனிதா புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். ஒரு முறை மூடித் திறந்தாள். மைக்கில் தாள் சரசரப்புதான் கேட்டது. சேசம்மாள், பொறுமையாகப் பார், அவசரமில்லை என்று கண்டிப்போடு சொன்னார்.

குடையை மடக்கிக்கொண்டிருந்த பேராச்சி நிமிர்ந்தாள்.

"பக்கத்துக்கு அவ எங்க போவா? காலையில இருந்து புஸ்தகத்துக்குள்ள செல்போன வச்சு, டைட்டஸு இங்கிலீஷ்ல போட்டதப் பார்த்துத்தான சொன்னா. அவளுக்குத் தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது. பூசையில வாசிக்கதும் இங்கிலீஷ் எழுத்துல எழுதி வச்சுத்தான்."

மைக் அணைக்கப்படவில்லை என்பதைப் பிறகே கவனித்தார்கள்.

குழு பத்து நிமிடம் கூடியது. சேசம்மாளும் கை தூக்கினார். தொலைக்காட்சிக்குக் கடிதம் அனுப்புவதில்லை என்றும், அடுத்த ஆண்டும் அசனக் குழம்பைச் சேசம்மாளே வைப்பது என்றும், பாக்கியம் அம்மாளின் புத்தகத்தைச் சுனிதாவே படித்துச் சொல்வது என்றும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.